கிரெய்க்ஸ்லிஸ்ட், பேக்பேஜ், பாலியல் கடத்தல் விளம்பரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையச் சட்டங்களைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறேன். அமெரிக்க வரி விளம்பரத் தளங்களை அரசியல்வாதிகள் நெருக்கி மூடவைத்த கதையைத் தொட்டால் போதும், அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள் வரிசையாக வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

வரி விளம்பரத்துக்கும் பெண்களைக் கடத்துறதுக்கும் என்னங்க சம்பந்தம்?

தினசரியில் ‘வீடு வாடகைக்கு’, ‘பழைய ஸ்கூட்டர் விற்பனைக்கு’ என்று நாலு வரியில் வருமே, அதுதான் வரி விளம்பரம். அமெரிக்காவில் இதை இணையத்துக்கு இழுத்து வந்தவர்களில் முக்கியமானவர் கிரெய்க் நியூமார்க். 1995-இல் சான் பிரான்சிஸ்கோவில் நண்பர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினார், அது வளர்ந்து கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற தளம் ஆனது. பத்திரிகைகளின் வரி விளம்பர வருமானத்தையே அது காலி செய்தது தனிக்கதை.

‘எஸ்கார்ட்’, ‘மசாஜ்’ என்ற பெயர்களில் பாலியல் தொழில் விளம்பரங்கள் அங்கே அச்சுப் பத்திரிகைகளிலேயே வந்துகொண்டிருந்தவைதான். மற்ற விளம்பரங்களோடு அவையும் இணையத்துக்குக் குடிபெயர்ந்தன. அவற்றில் வயது வந்த பெண்கள் தாங்களாகவே போட்டவை இருந்தன. புரோக்கர் ஒருவன் ஒரு பெண்ணை மிரட்டி வைத்துக்கொண்டு அவள் பெயரில் போட்டவையும் இருந்தன. பதினைந்து வயதுச் சிறுமியைப் பத்தொன்பது என்று சொல்லிப் போட்டவையும் இருந்தன. வெளியிலிருந்து படிப்பவருக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். இத்தனை வருடச் சண்டைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

பாலியல் தொழிலும் பாலியல் கடத்தலும் ஒண்ணுதானே, ஏன் பிரிச்சுப் பிரிச்சுப் பேசுறீங்க?

‘கடத்தல்’ என்றதும் நமக்கு சினிமாவில் வருகிற ஆம்னி வேனும் வாயில் கட்டிய துணியும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அமெரிக்கச் சட்டத்தில் ஆளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிப் போக வேண்டிய அவசியமே இல்லை. 2000-இல் வந்த சட்டத்தின்படி, பலவந்தம், ஏமாற்று, மிரட்டல் இவற்றில் ஏதாவது ஒன்றால் ஒருவரைப் பாலியல் வியாபாரத்தில் வைத்தால் அது கடத்தல். ஆள் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பலவந்தத்தைக்கூட நிரூபிக்க வேண்டாம்.

வயது வந்தவர் தானாகச் செய்யும் பாலியல் தொழில் வேறு வகை. அது பெரும்பாலும் மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம், நெவாடாவின் சில கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) அதுவும் குற்றமில்லை. அரசியல்வாதிகள் மேடையில் பேசும்போது இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள், நீதிமன்றத்தில் அப்படிச் சொல்ல முடியாது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும்.

கிரெய்க்ஸ்லிஸ்ட்காரங்க தெரிஞ்சேதான் அந்தப் பிரிவை வச்சிருந்தாங்களா?

ஆமாம், ஒளிவுமறைவே இல்லை. ‘எராட்டிக் சர்வீசஸ்’ என்று பெயர் எழுதியே தனிப்பிரிவு இருந்தது. தனியாக ஓர் இடம் ஒதுக்காவிட்டால் இவை எல்லாப் பிரிவுகளுக்குள்ளும் புகுந்துவிடும் என்பது அவர்கள் தரப்பு நியாயம். அந்த நியாயத்தைச் சுத்தப் பொய் என்று தள்ளிவிட முடியாது, பின்னால் நடந்ததைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

2008 நவம்பரில் நாற்பது மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்களோடு (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரிகள்) ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் ரிச்சர்ட் புளூமென்தால்தான் (பின்னால் செனட்டர் ஆனவர்) இதில் முன்னால் நின்றார். அந்தப் பிரிவில் விளம்பரம் போட வேலை செய்யும் தொலைபேசி எண்ணும் கிரெடிட் கார்டும் கட்டாயம், கட்டணமாக வரும் பணம் தர்ம காரியத்துக்குப் போகும் என்பது ஏற்பாடு. 2009 ஏப்ரலில் பாஸ்டன் ஓட்டல் ஒன்றில் அந்தத் தளத்தில் விளம்பரம் போட்டிருந்த ஒரு பெண் கொல்லப்பட்டார். கைதானவர் ஒரு மருத்துவ மாணவர். ஊடகங்கள் அந்தக் கொலைகாரனுக்குத் தளத்தின் பெயரையே பட்டமாகக் கட்டிவிட்டன. மே மாதம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு ‘அடல்ட் சர்வீசஸ்’ என்று புதிதாக ஒன்று தொடங்கினார்கள். ஒரு விளம்பரத்துக்குப் பத்து டாலர், வெளியாவதற்கு முன் ஆள் ஒருவர் படித்துப் பார்ப்பார். பெயர் மாறியது, சரக்கு மாறவில்லை என்றார்கள் எதிர்த்தவர்கள்.

இவ்வளவு கோபம் இருந்தா ஒரே உத்தரவுல தளத்தை மூடியிருக்கலாமே?

நம் ஊர் பழக்கத்தில் கேட்கிறீர்கள். அங்கே அரசாங்கம் அப்படி ஓர் உத்தரவு போட முடியாது. பேச்சுச் சுதந்திரத்தைக் காக்கும் அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் ஒரு பக்கம், 1996-இல் வந்த தகவல்தொடர்பு ஒழுங்குச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு இன்னொரு பக்கம். அடுத்தவர் எழுதிப் போட்டதற்குத் தளத்தை அதன் பதிப்பாளராகப் பாவிக்கக் கூடாது என்பதுதான் 230.

அது ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1991-இல் கம்ப்யூசர்வ் வழக்கில், எதையும் சரிபார்க்காத தளத்துக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பு வந்தது. 1995-இல் பிராடிஜி வழக்கில், கெட்ட பதிவுகளை நீக்க முயன்ற தளம் பதிப்பாளர் ஆகிவிட்டது, அதனால் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. குப்பையைக் கூட்டினவனுக்கு அபராதம், கூட்டாதவனுக்கு விடுதலை! இந்தக் கோணலை நிமிர்த்தத்தான் கிறிஸ் காக்ஸ், ரான் வைடன் என்ற இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் 230-ஐ எழுதினார்கள். சட்டத்தை நீக்கச் சொல்பவர்கள் இந்தப் பழைய கதையை மறந்துவிடுகிறார்கள். இன்னொன்றையும் மறக்கிறார்கள்: மத்திய அரசின் குற்றவியல் சட்டங்களுக்கு 230 எப்போதுமே கேடயமாக இருந்ததில்லை. அது தடுத்தது மாநிலங்களின் வழக்குகளையும் தனிநபர்களின் நஷ்டஈட்டு வழக்குகளையும்தான்.

சரி, வழக்குப் போட்டுப் பார்த்தாங்களா இல்லையா?

போட்டார்கள். சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுண்டியின் ஷெரிஃப் (போலீஸ் தலைவர்) டாம் டார்ட் 2009 மார்ச்சில் கிரெய்க்ஸ்லிஸ்ட் மேல் வழக்குத் தொடுத்தார். நாட்டிலேயே பாலியல் தொழிலுக்குப் பெரிய வாசல் இதுதான் என்பது அவர் வாதம். அதே அக்டோபரில் நீதிபதி ஜான் கிரேடி 230-ஐக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தார். விளம்பரம் போட்டவனைப் பிடியுங்கள், இடம் கொடுத்தவனை விட்டுவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

சவுத் கரோலைனாவின் அட்டர்னி ஜெனரல் ஹென்றி மெக்மாஸ்டர், நிறுவனத்தின் நிர்வாகிகள் மேலேயே கிரிமினல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினார். கிரெய்க்ஸ்லிஸ்ட் முந்திக்கொண்டு அவர்மேல் வழக்குப் போட்டது. ஆக, நீதிமன்றக் கணக்கில் பார்த்தால் தளத்தின் பக்கம்தான் காற்று வீசியது.

கோர்ட்ல ஜெயிச்சவங்க அப்புறம் ஏன் பணிஞ்சு போனாங்க?

நீதிமன்றத்தில் தோற்றவர்கள் நீதிமன்றத்துக்கு வெளியே ஜெயித்தார்கள், அவ்வளவுதான். 2010 ஆகஸ்டில் பதினேழு அட்டர்னி ஜெனரல்கள் சேர்ந்து அந்தப் பிரிவை எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். தொலைக்காட்சிகள் விடவில்லை, நாடாளுமன்றக் குழுவின் விசாரணையும் வரவிருந்தது. எந்தச் சட்டமும் மாறவில்லை, எந்தத் தீர்ப்பும் வரவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் பார்த்தால், அந்தப் பிரிவின் இணைப்பு இருந்த இடத்தில் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் ‘தணிக்கை செய்யப்பட்டது’ என்று பொருள்படும் ஒற்றை ஆங்கிலச் சொல் நின்றது. கோபத்தில் செய்த காரியம் என்று பார்த்தவுடனேயே தெரியும். சில நாட்களில் அந்தப் பட்டையும் போனது. செப்டம்பர் 15 அன்று பிரதிநிதிகள் சபையின் குழு முன்னால் வந்த நிறுவனத்தின் பிரதிநிதி, அமெரிக்காவில் அந்தப் பிரிவு திரும்ப வராது என்று சொன்னார். ஆண்டு முடிவதற்குள் மற்ற நாடுகளிலும் எடுத்துவிட்டார்கள்.

சட்டத்தால் செய்ய முடியாததைக் கடிதத்தாலும் கேமராவாலும் செய்யலாம் என்று அரசியல்வாதிகள் கற்றுக்கொண்ட இடம் இது.

ஒரு கடையை மூடினதும் விளம்பரம் குறைஞ்சிருக்கணுமே?

எதிர்க்கடை ஒன்று இருந்தது. பேக்பேஜ். மைக்கேல் லேசி, ஜேம்ஸ் லார்கின் என்ற இருவர் ஃபீனிக்ஸ் நகரில் வாரப் பத்திரிகை நடத்தி வளர்ந்து, கடைசியில் நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் வாரப் பத்திரிகையையே வாங்கியவர்கள். கிரெய்க்ஸ்லிஸ்ட் தங்கள் வரி விளம்பர வருமானத்தைத் தின்றுகொண்டிருந்ததால் 2004-இல் போட்டிக்குத் தொடங்கிய தளம்தான் பேக்பேஜ். பத்திரிகையின் பின்பக்க விளம்பரங்களிலிருந்து வந்த பெயர். நடத்தியவர் கார்ல் ஃபெரர்.

கிரெய்க்ஸ்லிஸ்ட் கையைக் கழுவியதும் கூட்டம் அப்படியே இங்கே வந்தது. அட்டர்னி ஜெனரல்களின் கடிதங்களும் பின்னாலேயே வந்தன: 2010 செப்டம்பரில் இருபத்தொரு பேர், 2011 ஆகஸ்டில் நாற்பத்தைந்து பேர். 2012-இல் நியூயார்க் டைம்ஸில் பத்தி எழுத்தாளர் நிக்கலஸ் கிறிஸ்டாஃப் இந்தத் தளத்தைக் கண்டித்துத் தொடர்ந்து எழுதினார். தாய் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்த கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி அதை விற்றுவிட்டு வெளியேறியது. லேசியும் லார்கினும் அதே வருடம் பத்திரிகைகளைக் கைமாற்றிவிட்டு இந்தத் தளத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்கள். ஆயுசுக்கும் பத்திரிகைக்காரர்களாக இருந்தவர்கள் பத்திரிகையை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டதிலிருந்தே லாபம் எங்கே இருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

வருஷத்துக்கு மூணு லட்சம் குழந்தைகள் கடத்தப்படுறாங்கன்னு படிச்சேனே, அது உண்மையா?

இல்லை. அந்த எண் 2001-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் எழுதிய அறிக்கையிலிருந்து வருகிறது. ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய நிலையில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்றுதான் அவர்கள் மதிப்பிட்டார்கள், கடத்தப்பட்டவர்களை எண்ணவில்லை. வீட்டைவிட்டு ஓடியவர்கள் முதல் எல்லையோர ஊர்களில் வசிப்பவர்கள் வரை அந்தக் கணக்கில் உண்டு. ‘ஆபத்தில் இருக்கக்கூடியவர்கள்’ என்பது மேடைக்கு மேடை தாவி ‘கடத்தப்பட்டவர்கள்’ ஆகிவிட்டது.

அதற்காகப் பிரச்சினையே இல்லை என்று சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையத்துக்குப் பொதுமக்களிடமிருந்து வந்த சிறார் பாலியல் கடத்தல் புகார்களில் 73 சதவீதம் பேக்பேஜ் சம்பந்தப்பட்டவை என்று செனட் அறிக்கை சொல்கிறது. பொய் எண்ணைத் தூக்கி எறிந்தாலும் நிஜம் போதுமான அளவு மோசமாகவே இருக்கிறது.

விசா, மாஸ்டர்கார்டு எங்கிருந்து இதுல வந்துச்சு?

மேலே வழக்கில் தோற்ற அதே ஷெரிஃப் டார்ட்தான் கொண்டுவந்தார். தளத்தைத் தொட முடியவில்லை, தளத்துக்குப் பணம் வரும் குழாயைப் பிடிப்போம் என்று யோசித்தார். 2015 ஜூன் இறுதியில் விசாவுக்கும் மாஸ்டர்கார்டுக்கும் ஷெரிஃப் அலுவலகத் தாளில் கடிதம் போனது. இந்த மாதிரி தளங்களில் உங்கள் கார்டு செல்லக் கூடாது என்று கேட்டிருந்தார். இரண்டு மூன்று நாட்களில் இரண்டு நிறுவனங்களும் பேக்பேஜைக் கைவிட்டன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அதற்கு முன்பே போயிருந்தது.

பேக்பேஜ் வழக்குப் போட்டது. நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர், ஷெரிஃப் செய்தது அப்பட்டமான மிரட்டல், முதலாம் திருத்தத்துக்கு விரோதம் என்று எழுதினார். 1963-இலேயே பேன்டம் புக்ஸ் வழக்கில், புத்தகக் கடைக்காரர்களுக்கு அரசாங்கக் குழு ‘ஆலோசனை’க் கடிதம் அனுப்பி மறைமுகமாகத் தடை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த வழியில் வந்த தீர்ப்பு இது. டார்ட் ஒரு குடிமகனாகத் தன் கருத்தைச் சொல்லலாம், ஷெரிஃப் சட்டையைப் போட்டுக்கொண்டு பயமுறுத்த முடியாது. படித்தபோது எனக்கு இந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடித்தது. ஆனால் தீர்ப்பு வந்த பிறகும் கார்டு நிறுவனங்கள் திரும்பி வரவில்லை. ஜெயித்தும் பேக்பேஜுக்குக் கைக்கு எதுவும் கிடைக்கவில்லை.

பேக்பேஜ் சும்மா இடம் கொடுத்துச்சா, இல்ல கூட்டுக் களவாணியா?

இந்தக் கேள்விக்கு 2017 வரை நான் ‘இடம்தானே கொடுத்தார்கள்’ என்று பதில் சொல்லியிருப்பேன். செனட்டின் நிரந்தர விசாரணைத் துணைக்குழு அதை மாற்றியது. குடியரசுக் கட்சியின் ராப் போர்ட்மனும் ஜனநாயகக் கட்சியின் கிளேர் மெக்காஸ்கிலும் சேர்ந்து நடத்திய விசாரணை. ஃபெரர் ஆவணம் தர மறுத்தார், அழைத்தபோது வரவும் இல்லை. 2016 மார்ச்சில் செனட் 96-0 என்று வாக்களித்து அவர்மேல் நடவடிக்கைக்கு அனுமதி கொடுத்தது. இருபது வருடங்களுக்கு மேல் செனட் கையில் எடுக்காத ஆயுதம் அது.

2017 ஜனவரியில் அறிக்கை வந்தது. சிறார்களைக் குறிக்கும் சொற்கள் விளம்பரத்தில் இருந்தால் அந்தச் சொல்லை மட்டும் தானாக வெட்டிவிட்டு மீதியைப் பிரசுரிக்கும் மென்பொருளை அவர்கள் வைத்திருந்தார்கள். ‘டீனேஜ்’, ‘ஸ்கூல் கேர்ள்’ மட்டும் இல்லை, காணாமல் போன குழந்தைக்காக அறிவிக்கும் ‘ஆம்பர் அலர்ட்’கூட அந்தப் பட்டியலில் இருந்தது. 2010 இறுதியிலேயே அந்தப் பிரிவின் 70 முதல் 80 சதவீத விளம்பரங்களைத் திருத்திக்கொண்டிருந்ததாக நிறுவனத்தின் உள் மதிப்பீடே சொன்னது. விளம்பரம் போடுபவர் வயதைப் பதினெட்டுக்குக் கீழே தட்டினால், பதினெட்டுக்கு மேல் இருக்க வேண்டுமே என்று ஒரு செய்தி வரும். உடனே வயதை மாற்றித் தட்டி மேலே போகலாம். விளம்பரத்தை நிராகரிப்பதும் குற்றத்தின் அடையாளத்தை அழித்துவிட்டு விளம்பரத்தைப் போடுவதும் ஒன்றா? முதலாவது குப்பையைக் கூட்டுவது, இரண்டாவது ரத்தக்கறையைத் துடைப்பது. அறிக்கை வெளியாவதற்குச் சற்று முன்னால் அந்தப் பிரிவை மூடி, அங்கேயும் தணிக்கை என்று எழுதி வைத்தார்கள். மறுநாள் விசாரணையில் ஃபெரரும் லேசியும் லார்கினும் வாய் திறக்க மறுத்தார்கள்.

கமலா ஹாரிஸ்தான் பேக்பேஜை மூடினாங்கன்னு சொல்றாங்களே?

துளசேந்திரபுரத்துப் பேத்தி என்பதால் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வியில் தனி ஆர்வம் உண்டு. நடந்தது இது. கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது, 2016 அக்டோபரில், செனட் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, அவருடைய அலுவலகம் தொடுத்த வழக்கில் ஃபெரர் கைதானார். லேசி, லார்கின் மேலும் வழக்கு. பாலியல் தொழிலுக்கு ஆள் பிடித்ததாகக் குற்றச்சாட்டு. டிசம்பரில் நீதிபதி 230-ஐக் காட்டி அதைத் தள்ளினார். பதவி மாறுவதற்கு முன் ஹாரிஸ் திருத்திய குற்றச்சாட்டுகளை மறுபடியும் தாக்கல் செய்தார். 2017 ஆகஸ்டில் இன்னொரு நீதிபதி ஆள்பிடிப்புக் குற்றச்சாட்டுகளை மறுபடியும் தள்ளிவிட்டு, பண மோசடிக் (குற்றத்தில் வந்த பணத்தை நல்ல பணமாகக் காட்டும்) குற்றச்சாட்டுகளை மட்டும் நடத்த அனுமதித்தார். ஆக, மூடியது அவர் இல்லை. எந்த ஓட்டை வழியாக உள்ளே போகலாம் என்பது மட்டும் அந்த வழக்கில் தெரிந்தது: விளம்பரத்தைப் பிடித்தால் 230 வரும், பணத்தைப் பிடித்தால் வராது.

ஃபோஸ்டா, செஸ்டான்னு ரெண்டு பெயர் சொல்றாங்களே, அது என்ன?

பிரதிநிதிகள் சபையில் ஆன் வாக்னர் கொண்டுவந்த மசோதா ஃபோஸ்டா, செனட்டில் போர்ட்மன் கொண்டுவந்த மசோதா செஸ்டா, இரண்டும் கடைசியில் ஒன்றாக இணைந்தன. இதற்கு வழி திறந்தது ஒரு நீதிமன்றம் என்றுகூடச் சொல்லலாம். சிறுவயதில் பேக்பேஜ் மூலம் விற்கப்பட்ட மூன்று பெண்கள் பாஸ்டனில் போட்ட வழக்கை 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. தீர்வு வேண்டுமானால் நாடாளுமன்றத்திடம் போங்கள், எங்களிடம் இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதியது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

2018 பிப்ரவரியில் சபையில் 388-25, மார்ச்சில் செனட்டில் 97-2. எதிர்த்த இரண்டு பேரில் ஒருவர் 230-ஐ எழுதிய அதே ரான் வைடன், மற்றவர் ராண்ட் பால். ஏப்ரல் 11 அன்று டிரம்ப் கையெழுத்திட்டார். பாலியல் தொழிலை ஊக்குவிக்கும் அல்லது அதற்கு வசதி செய்யும் நோக்கத்தோடு தளம் நடத்தினால் பத்து வருடம் வரை, ஐந்து பேரோ அதற்கு மேலோ சம்பந்தப்பட்டால் அல்லது கடத்தலைக் கண்டும் காணாமல் இருந்தால் இருபத்தைந்து வருடம் வரை சிறை. மாநிலங்களும் பாதிக்கப்பட்டவர்களும் வழக்குப் போட 230 தடையாக இருக்காது. கடத்தல் என்று தலைப்பு, உள்ளே பாலியல் தொழில் என்று எழுத்து. இரண்டாம் கேள்வியை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அப்போ பேக்பேஜை மூடினது அந்தச் சட்டம்தான்?

இல்லவே இல்லை. தேதியைப் பாருங்கள். எஃப்.பி.ஐ. பேக்பேஜைக் கைப்பற்றியது 2018 ஏப்ரல் 6, சட்டம் கையெழுத்தானது ஏப்ரல் 11. ஐந்து நாள் முன்னதாகவே கடை சீல் வைக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பயன்பட்டது 1961-இல் வந்த டிராவல் ஆக்ட்டும் (மாநில எல்லை தாண்டிச் சட்டவிரோதத் தொழில் நடத்துவதைத் தடுக்கும் மத்தியச் சட்டம்) பண மோசடிச் சட்டங்களும்தான். மத்தியக் குற்றவியல் சட்டத்தை 230 தடுக்காது என்று மேலே சொன்னேனே, அது இங்கே கைகொடுத்தது. போதாததற்கு, கடத்தல் விளம்பரம் என்று தெரிந்தே போடுவது 2015-இலிருந்தே குற்றப்பட்டியலில் இருந்தது. மத்திய அரசின் நீதித்துறையேகூட (நீதிமன்றம் இல்லை, வழக்கு நடத்தும் அமைச்சகம்) ஃபோஸ்டாவின் வாசகம் தங்கள் வேலையைக் கடினமாக்கலாம் என்று வாக்கெடுப்புக்கு முன்பே எழுதிக் கொடுத்தது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடத்தலுக்கு எதிரான மசோதாவுக்கு ‘இல்லை’ என்று வாக்களித்துவிட்டு எந்த உறுப்பினர் ஊருக்குத் திரும்பிப் போவார்?

சட்டத்தால எதுவுமே மாறலைன்னு சொல்றீங்களா?

மாறியது, வேறு இடங்களில். செனட் வாக்கெடுப்பு முடிந்த இரண்டே நாளில் கிரெய்க்ஸ்லிஸ்ட் தன் ‘பெர்சனல்ஸ்’ பிரிவு முழுவதையும் எடுத்துவிட்டது. துணை தேடுவோர், நட்பு தேடுவோர், ஒருதலைக் காதலைச் சொல்வோர் என்று சாதாரண ஜனங்கள் புழங்கிய பிரிவு. யாராவது ஒருவர் தவறாகப் பயன்படுத்தினாலும் மற்ற எல்லா சேவைகளையும் பணயம் வைக்க வேண்டிவரும் என்று காரணம் சொன்னார்கள். ரெடிட்டும் சில குழுக்களை மூடியது. 1995-இன் பிராடிஜி தலைவலி திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாலியல் தொழிலாளர்கள் ஏன் எதிர்த்தாங்க? அவங்க கடத்தலை ஆதரிக்கிறாங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பலர் பதிலை முடிவு செய்துகொண்டே கேட்கிறார்கள். இணையத்தில் விளம்பரம் போட முடிந்தபோது வருகிறவனைப் பற்றி முன்கூட்டியே விசாரிக்கலாம், மற்ற பெண்களிடம் ‘இவன் அடிப்பவனா’ என்று கேட்கலாம், தெருவில் நிற்க வேண்டாம், புரோக்கருக்குப் பங்கு கொடுக்க வேண்டாம். அது போனதும் சிலர் தெருவுக்குத் திரும்பினார்கள், சிலர் புரோக்கரிடம் திரும்பினார்கள். அவர்கள் சொன்னது இதுதான். மோசமான வாடிக்கையாளர் பட்டியலைப் பகிர்வதுகூட ‘வசதி செய்வது’ ஆகிவிடுமோ என்ற பயமும் இருந்தது.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் ரோ கன்னாவும் எலிசபெத் வாரனும் இந்தச் சட்டத்தால் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஆய்வு நடத்தக் கோரி 2019-இல் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அது நிறைவேறவில்லை. சட்டத்தையே எதிர்த்து, பாலியல் சுதந்திரத்துக்காக வாதாடும் உட்ஹல் அறக்கட்டளை போட்ட வழக்கில் 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதை மட்டும்தான் இது தண்டிக்கிறது என்று குறுக்கிப் படித்தது. அந்த விளக்கம் 2018-இலேயே கிடைத்திருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும்.

விளம்பரம் எல்லாம் ஒரே இடத்துல இருந்தா போலீசுக்கு வசதிதானே?

வசதிதான், அதை அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2021-இல் எழுதியது. பேக்பேஜ் போன பிறகு இந்த வியாபாரம் பல தளங்களாகச் சிதறியது. நடத்துபவர்கள் சர்வர்களை வெளிநாட்டில் வைத்தார்கள், பணம் வரும் வழிகளைச் சிக்கலாக்கினார்கள். பேக்பேஜ் நீதிமன்றத்தின் சம்மனுக்குப் பதில் சொல்லும் உள்ளூர் நிறுவனம். புதியவர்களுக்குச் சம்மன் அனுப்ப முகவரியே இல்லை. அந்த அறிக்கை எழுதப்பட்ட நேரம் வரை, ஃபோஸ்டாவின் புதிய குற்றப்பிரிவை நீதித்துறை பயன்படுத்தியது ஒரே ஒரு வழக்கில், 2020-இல் சிட்டிஎக்ஸ்கைடு என்ற தளத்தின் மேல். மூன்று வருடம், ஒரு வழக்கு.

ஆனால் போலீசுக்கு வசதி என்பதற்காகத் தெரிந்தே சம்பாதிக்கும் தளத்தை ஓடவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். விற்கப்பட்ட சிறுமியின் தாயிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

பேக்பேஜ் முதலாளிங்களுக்கு என்ன தண்டனை கிடைச்சுது?

ஃபெரர் 2018-லேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்பு சாட்சி ஆனார். 2021-இல் தொடங்கிய விசாரணையை நீதிபதி பாதியில் செல்லாததாக்கினார். காரணம், குற்றச்சாட்டில் இல்லாத குழந்தைக் கடத்தலையே அரசு வழக்கறிஞர்கள் திரும்பத் திரும்பப் பேசியது. கவனியுங்கள், இவர்கள்மேல் கடத்தல் குற்றச்சாட்டே கிடையாது, பாலியல் தொழிலுக்கு வசதி செய்ததும் பண மோசடியும்தான். 2023 ஜூலை இறுதியில், மறு விசாரணைக்குச் சில நாள் இருக்கும்போது லார்கின் தற்கொலை செய்துகொண்டார். நவம்பரில் ஜூரி லேசியை ஒரே ஒரு பண மோசடிக் குற்றச்சாட்டில் குற்றவாளி என்றது, எண்பதுக்கும் மேற்பட்டவற்றில் முடிவுக்கு வர முடியவில்லை. 2024 ஆகஸ்டில் அவருக்கு ஐந்து வருடச் சிறையும் 30 லட்சம் டாலர் அபராதமும், மற்ற இரண்டு நிர்வாகிகளுக்குத் தலா பத்து வருடமும் விதிக்கப்பட்டன. இன்னும் இரண்டு பேர் முழுதாக விடுதலை ஆனார்கள்.

பாதிக்கப்பட்டவங்க இப்போ எந்தத் தளத்து மேலயும் கேஸ் போட்டு ஜெயிக்கலாமா?

போடலாம், ஜெயிப்பது கஷ்டம். 2022-இல் ரெடிட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பயனர் செய்தது போதாது, தளமே தெரிந்து குற்றத்தில் பங்கெடுத்திருக்க வேண்டும் என்றது. விளம்பரத்தைத் திருத்திக் கொடுத்த பேக்பேஜ் மாதிரி ஆட்கள் மாட்டுவார்கள், வெறுமனே கவனிக்காமல் விட்டவர்கள் தப்பிவிடுவார்கள்.

இந்தியாவுல இப்படி ஒரு சண்டை வந்திருக்கா?

கிட்டத்தட்ட. 2004-இல் பாசி டாட் காம் என்ற விற்பனைத் தளத்தில், பள்ளி மாணவர்கள் இருவரின் ஆபாசக் காட்சியை ஒருவர் விற்பனைக்குப் போட்டுவிட்டார். போட்டவரோடு நிற்காமல் தளத்தின் தலைமை அதிகாரி அவ்னீஷ் பஜாஜையும் போலீஸ் கைது செய்தது. அந்தக் கைது கிளப்பிய புயலில்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு 2008-இல் திருத்தப்பட்டு, நம் ஊர் 230 மாதிரி ஆனது. பஜாஜ் மேலான வழக்கை உச்ச நீதிமன்றம் 2012-இல்தான் ரத்து செய்தது, அதுவும் நிறுவனத்தைப் பிரதிவாதியாகச் சேர்க்காமல் விட்ட காரணத்துக்காக. 2015-இல் ஷ்ரேயா சிங்கல் தீர்ப்பு, நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் தளத்துக்குத் ‘தெரியும்’ என்று கொள்ள வேண்டும் என்றது.

அப்படி ஒரு விளம்பரம் என் கண்ணில் பட்டா என்ன செய்யணும்?

அதில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுத் துப்பறியப் போகாதீர்கள். அந்தப் பெண் உள்ளே மாட்டியிருந்தால் அடி அவளுக்குத்தான் விழும். தளத்தின் முகவரி, தேதி, எண் இவற்றைக் குறித்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியுங்கள். அவசரம் என்றால் 112, சிறுமி என்று சந்தேகம் வந்தால் 1098. குழந்தையின் ஆபாசப் படம் என்றால் அதை ஆதாரத்துக்காகக்கூடச் சேமிக்கவோ வாட்ஸ்அப் குழுவில் ‘எச்சரிக்கை’ என்று அனுப்பவோ வேண்டாம், அதுவே தனிக் குற்றம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத் தேசியக் கடத்தல் உதவி எண் 1-888-373-7888.